தர்மபுரி தெருவுக்கு எந்த வழிகாட்டி சரிப்படும்?

பார்வையற்றவர்களுக்கு வழி சொல்லும் ஆப்களில் எது நல்லது என்று கேட்டால், எந்த ஊரில் நடக்கிறீர்கள் என்றுதான் திருப்பிக் கேட்பேன். நான் சொல்வது தர்மபுரிக் கணக்கு.

கூகுள் மேப்ஸ் எல்லாரிடமும் இருக்கிறது, திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் டாக்பேக்கோடு ஒத்துப்போகிறது, வழியைத் தமிழிலேயே சொல்கிறது. நான்கு ரோட்டிலிருந்து பஸ் ஸ்டாண்டு போக இது போதும். சிக்கல் கடைசி இருபது அடியில்தான். போனில் உள்ள ஜிபிஎஸ் திறந்த வெளியிலேயே சுமார் 5 மீட்டர் தள்ளிக் காட்டும், நம்ம கடைத்தெருவில் 5 மீட்டர் என்றால் எதிர்ப்பக்கத்துக் கடை. வந்து சேர்ந்துவிட்டீர்கள் என்று அது பேச்சை முடிக்கும்போது நாம் சாக்கடை ஓரத்தில் நிற்போம்.

மைக்ரோசாஃப்ட் 2018இல் வெளியிட்ட சவுண்ட்ஸ்கேப் வேறு மாதிரி. இடது திரும்பு, வலது திரும்பு என்று அதிகாரம் செய்யாது. போக வேண்டிய இடம் எந்தத் திசையில் இருக்கிறதோ அந்தப் பக்கத்திலிருந்தே ஒரு ஒலி வந்துகொண்டிருக்கும், நாம் திரும்பினால் அதுவும் இடம் மாறும், எந்தச் சந்தில் நுழைவது என்பது நம் இஷ்டம். யோசனை அளவில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். 2023இல் நிறுவனம் கைவிட்டாலும் நிரலைப் பொதுவில் விட்டதால் அதே வசதி வாய்ஸ்விஸ்டா என்று ஐபோனில் கிடைக்கிறது. ஆனால் வரைபடம், பொதுமக்களே சேர்த்து உருவாக்கும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து வருவதால், யாராவது உட்கார்ந்து சேர்த்த கடையும் தெருவும்தான் அதற்குத் தெரியும். சின்ன ஊர்க்காரர்களுக்கு அங்கேதான் அடி.

அந்தக் கடைசி இருபது அடிக்கு பி மை ஐஸ் நல்லது. இலவசம், கேமராவில் ஒரு தன்னார்வலர் பார்த்து போர்டைப் படிப்பார், படி எந்தப் பக்கம் என்பார். ரோடு கடக்க மட்டும் வேண்டாம், வீடியோ கொஞ்சம் பிந்தித்தான் போகும்.

இவை எதுவும் கடை முன்னால் தாழக் கட்டிய தார்ப்பாயையோ நிற்கிற லாரியின் பின்பலகையையோ தானாக எச்சரிக்காது. சாதாரண வெள்ளைக் கோலும் அதன் அடியில் நுழைந்து போய்விடும், நெற்றிதான் வாங்கும். ஐஐடி டெல்லி உருவாக்கி 2014இல் வந்த, வெள்ளைக் கோலில் மாட்டும் ஸ்மார்ட்கேன் முழங்காலிலிருந்து தலை உயரம் வரை உள்ளதை மீயொலியால் கண்டுபிடித்து, கைப்பிடி அதிர்வாகச் சொல்கிறது. காதைத் தொடவில்லை என்பதே பெரிய லாபம், ஏனென்றால் பஸ் ஸ்டாண்டில் "பென்னாகரம், பென்னாகரம்" என்று கத்தும் கண்டக்டரைவிடத் துல்லியமான ஆப் எதுவும் இல்லை. இரண்டு காதிலும் இயர்போன் மாட்டினால் அதுவும் போச்சு. ஒற்றைக் காது, இல்லையென்றால் காதை மூடாமல் எலும்பு வழியாகக் கேட்கும் ஹெட்போன்.

சரி, கையில் காசு வந்தால்? முதலில் ஸ்மார்ட்கேன், அப்புறம் அந்த ஹெட்போன். வாய்ஸ்விஸ்டாவுக்காக ஐபோன் வாங்குவது இப்போதைக்கு வீண்செலவு.