வார்டோ வாழ்க்கை: பெரும்பாலும் காற்றைப் பற்றிய முறைப்பாடு

ஒஸ்லோவில் இருக்கும் நண்பர் ஒருவர் சென்ற வாரம் ஒரு வீட்டு விற்பனை விளம்பரத்தை அனுப்பி, "விலையை மறுபடியும் குறைத்திருக்கிறார்கள், வாங்கலாமா?" என்று கேட்டிருந்தார். வீடு இருப்பது நோர்வேயின் வடகிழக்கு மூலையில் நான் வசிக்கும் வார்டோ என்ற சிற்றூரில், எங்கள் தெருவுக்குச் சற்றுத் தள்ளி. ஒஸ்லோவில் ஓர் அறையும் குசினியும் வாங்கப் போதாத தொகைக்கு இங்கே நிலத்தோடு முழு வீடு கிடைக்கும் என்பது அவருக்குத் தெரியும். எங்கள் ஊர் அடங்கிய வடகோடி மாவட்டமான பின்மார்க்கில் குடியேறுவோருக்கு 1990 முதல் அரசு தரும் சலுகைகளையும் அவர் என்னைவிட நன்றாகவே கணக்கிட்டு வைத்திருக்கிறார். அவர் கேட்டிருந்த மற்ற இரண்டு கேள்விகள் எல்லோரும் கேட்பவை: குளிரை எப்படித் தாங்குகிறீர்கள், இருட்டை எப்படித் தாங்குகிறீர்கள்? சில ஆண்டுகள் இருந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இரண்டும் பெரிய விடயங்கள் அல்ல. காற்றைப் பற்றி மட்டும் இதுவரை எவரும் கேட்டதில்லை.

குளிரைத் தேடுகிறவர் உள்நாட்டில் இருக்கும் காராஷோக்குக்குப் போக வேண்டும். 1886இல் அங்கே பதிவான −51.4 பாகைதான் இன்றுவரை நோர்வேயின் மிகக் குறைந்த வெப்பநிலை. வார்டோ கடலால் சூழப்பட்ட தீவு. அத்திலாந்திக்கிலிருந்து வரும் வெப்ப நீரோட்டம் பாரன்ட்ஸ் கடலின் இந்தக் கரையை உறையவிடுவதில்லை. பெப்ரவரி மாதச் சராசரிகூட −5 பாகையை ஒட்டியே நிற்கும். இருட்டைப் பொறுத்தவரை, நவம்பர் கடைசி வாரம் முதல் ஜனவரி இருபதாம் திகதி வரையில் சூரியன் எழுவதில்லை என்பது உண்மைதான், ஆனால் நடுப்பகலில் நீல வெளிச்சம் ஒன்று வந்து போகும். அதிலும் எனக்கு ஒரு சிறு கோபம் உண்டு. இந்த ஊர் இஸ்தான்புல்லைவிடக் கிழக்கே இருக்கிறது, கடிகாரமோ ஒஸ்லோவினுடையது. ஆகவே அந்த வெளிச்சம் முற்பகல் பதினொரு மணிக்கே உச்சம் கண்டு, மதியச் சாப்பாட்டை முடிப்பதற்குள் வடிந்துவிடுகிறது. சூரிய வட்டம் முழுமையாகத் தெரியும் முதல் நாளில் கோட்டையில் பீரங்கி முழங்குவதும், அன்று பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு விடுமுறை கிடைப்பதும் அந்தக் கோபத்தை ஓரளவு ஆற்றிவிடுகின்றன.

காற்று அப்படி ஆறுவதில்லை. பின்மார்க் மேட்டுநிலத்தில் தேங்கும் கனத்த குளிர்காற்று கடலை நோக்கி இறங்கிவருவது ஒரு வகை. வடதுருவப் பக்கமிருந்து வரும் குளிர்காற்று உறையாத கடலின் மேல் பரவும்போது சில மணி நேரத்திலேயே உருவாகிவிடும் சிறு புயல்கள் இன்னொரு வகை. காலையில் வெறித்திருந்த வானம் மாலைக்குள் வெள்ளைச் சுவராகிவிடும். இரண்டையும் தடுக்க இங்கே மலையும் இல்லை, மரமும் இல்லை. வீசும் நாளைவிட வீசாத நாளைத்தான் ஊரார் பேசுகிறார்கள்: "இன்று அமைதியாக இருக்கிறதே" என்று கடையில் ஒருவர் சொன்னால், அது ஒரு செய்தி.

வந்த புதிதில் எனக்குக் கற்பிக்கப்பட்ட முதல் பாடம் வாகனக் கதவைத் திறப்பது. வாகனத்தின் முகம் காற்றைப் பார்க்கும்படி நிறுத்த வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு கதவைத்தான் திறக்க வேண்டும், அதையும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. பின்புறம் காற்று இருக்கும்போது கதவைத் திறந்து கையை விட்டால், அது முன்பக்கமாக மடங்கிக் கீல் வளைந்துவிடும். அதற்குப் பிறகு அந்தக் கதவு ஒருபோதும் ஒழுங்காகப் பூட்டாது. குப்பைத் தொட்டியைக் கட்டி வைக்க வேண்டும். குடை என்ற பொருளை மறந்துவிடலாம். யன்னல்களில் கடல்நீர்த் தூவல் காய்ந்து உப்புப் படலமாக ஒட்டிக்கொள்வதால், ஒரு புயலுக்குப் பிறகு வெளியே இருப்பது பக்கத்து வீடா பனிமேடா என்று தெரியாது. என் மனைவி முதல் குளிர்காலத்தில் வெந்நீரும் துணியுமாக அதைத் துடைத்துக்கொண்டிருந்தார், இப்போது துடைப்பதில்லை.

இவையெல்லாம் பழகிவிடுபவை. எனக்குப் பழகாதது, காற்று எங்கள் நாட்குறிப்பைத் தன் கையில் வைத்திருப்பது. கிரீட் தீவில் தொடங்கி ஐரோப்பாவைக் குறுக்கே கடந்துவரும் ஈ75 நெடுஞ்சாலை எங்கள் ஊரில்தான் முடிகிறது. அதன் கடைசித் துண்டு 1982இல் திறக்கப்பட்ட கடலடிச் சுரங்கம், நோர்வேயில் கடலுக்கு அடியில் அமைந்த முதல் வீதிச் சுரங்கம். சுரங்கத்துக்குள் ஒரு தொல்லையும் இல்லை. அதற்கு வெளியே, கீபெர்க் ஊருக்கும் எங்களுக்கும் இடையிலான திறந்த வெளியில் பனி தரையோடு தரையாகப் பறக்கத் தொடங்கியதும் வீதியைத் தடுப்புக் கட்டை போட்டு மூடிவிடுவார்கள். சற்றுத் தணிந்தால் 'கொலொன்னெ' ஓடும்: பனி அகற்றும் வண்டி முன்னே போக, காத்திருந்த வாகனங்கள் வரிசையாகப் பின்தொடர வேண்டும். எரிபொருள் நிறைந்திருக்க வேண்டும், கனத்த உடை கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும், முன்னால் போகும் வாகனத்தின் சிவப்பு விளக்கைக் கண்ணிலிருந்து விடக்கூடாது. முதல் தடவை அது வீரமாக இருந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று போகும்போது அதில் வீரம் ஒன்றும் இல்லை. பெரிய மருத்துவமனை கிர்கெனெஸில், வரங்கர் குடாவைச் சுற்றிக்கொண்டு போகும் நெடுந்தூரப் பயணம். அவசரமென்றால் வான்வழி ஆம்புலன்ஸ், ஆனால் அதுவும் காற்றைக் கேட்டுத்தான் இறங்கும்.

இந்த மாதத் தொடக்கத்தில் தங்கையின் மகளுக்கு ஒஸ்லோவில் பரதநாட்டிய அரங்கேற்றம். ஒரு நாள் முன்னதாகவே புறப்படும்படி பயணச்சீட்டு எடுத்திருந்தோம். சுவார்ட்னெஸ் விமான நிலையத்தின் சிறிய மண்டபத்தில், பட்டுச் சேலைகள் மடித்த பெட்டியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது, அந்தச் சுழல்விசிறி விமானம் சக்கரங்கள் தெரியும் அளவுக்கு இறங்கி, பக்கவாட்டில் ஒருமுறை உலைந்து, மறுபடி மேலெழுந்து திரும்பிப் போய்விட்டது. மாலைச் சேவையும் அப்படியே. விமான நிறுவனத்தின் தொலைபேசியில் பேசியவர் மரியாதையாகத்தான் பேசினார்: வானிலை காரணம் என்பதால் இழப்பீடு கிடையாது, அடுத்த இருக்கை நாளை மறுநாள். அரங்கேற்றத்தை நாங்கள் கைத்தொலைபேசித் திரையில் பார்த்தோம். தங்கை இன்னும் சரியாகக் கதைக்கவில்லை, அவரிடம் நியாயம் இருக்கிறது. ஆகவே இந்த அனுபவத்தை எழுதுகிறவன் இன்று நடுநிலையில் இல்லை என்பதை நண்பர் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

காற்றின் மேல் கோபப்படுவது இந்த ஊருக்குப் புதியதும் அல்ல. 1617ஆம் ஆண்டு நத்தாருக்கு முதல் நாள் திடீரென எழுந்த புயலில் கீபெர்க், வார்டோ மீனவர்களின் பத்துப் படகுகள் கவிழ்ந்து நாற்பது பேர் இறந்தார்கள். சில ஆண்டுகள் கழித்து, மந்திரத்தால் அந்தப் புயலை எழுப்பியதாகப் பெண்களைப் பிடித்து விசாரித்து எரித்தார்கள். பின்மார்க்கில் அந்த நூற்றாண்டில் சூனியக் குற்றத்துக்காகக் கொல்லப்பட்ட 91 பேருக்கு எங்கள் ஊரின் ஸ்டெய்ல்னெஸ் கரையில் 2011இல் திறக்கப்பட்ட நினைவிடம், ஒருவருக்கு ஒரு சிறு யன்னலும் ஒரு விளக்கும் என்ற கணக்கில், நீண்ட பாய்த்துணிக் கூடாக அமைந்திருக்கிறது. சுற்றுலாப் பயணிகள் ஜூலையில் அதைப் படம்பிடித்துப் போகிறார்கள். ஒரு புயல் நாளில் உள்ளே நடந்து பார்த்தால்தான், காற்றுக்கு ஓர் ஆளைக் குற்றம் சாட்டத் துடித்த மனநிலை எவ்வளவு அருகில் இருக்கிறது என்பது அச்சமாக விளங்கும்.

நல்லதையும் சொல்லியாக வேண்டும். 2023 ஆகஸ்ட் முதல் பின்மார்க்கில் பாலர் பள்ளிக்குக் கட்டணம் இல்லை. மின்சாரத்துக்குப் பெறுமதிசேர் வரி இல்லை. மனைவியின் படிப்புக் கடனில் ஆண்டுதோறும் ஒரு பங்கு, ஓர் உச்சவரம்புக்குட்பட்டு, தானாகக் குறைகிறது. எண்பதுகளில் இந்தக் கரையோர மீன் தொழிற்சாலைகளில் நின்று வேலை செய்த எங்கள் ஆட்கள் பலர், வசதி வந்ததும் ஒஸ்லோவுக்கு இறங்கிவிட்டார்கள், நான் எதிர்த்திசையில் ஏறியதைக் கேட்டு அவர்களில் ஒருவர், "நாங்கள் தப்பி ஓடிய இடத்துக்கு நீ காசு கொடுத்துப் போகிறாயா, தம்பி?" என்றார். ஆனால் அவரே மீனைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நிறுத்துவதில்லை. துறைமுகத்தில் அன்று காலை வந்த கொட் மீனைப் பக்கத்து வீட்டுக்காரர் பையில் போட்டுக் கதவுப்பிடியில் தொங்கவிட்டுப் போவார், விலை கேட்டால் கோபித்துக்கொள்வார். விளைமீனின் சதையைப் போல அது உறுதியானதல்ல. கரண்டியால் கிண்டினால் இதழிதழாக உதிர்ந்துவிடும். புளியும் தூளும் கொதித்துக் குழம்பு தடித்த பிறகு துண்டுகளை இறக்கி, சட்டியைப் பிடித்து ஆட்டிவிட்டு மூடினால் போதும். இந்தக் குழம்பை நான் ஒஸ்லோவில் ஒருநாளும் சாப்பிட்டதில்லை. கறிவேப்பிலை மட்டும் தபாலில் வருவது. வீதி மூடிய வாரங்களில் கறுத்துச் சுருண்டுதான் வந்து சேரும்.

இவ்வளவும் எழுதிய பிறகு என் பதில்: வாங்க வேண்டாம். முதலில் வாடகைக்கு வாருங்கள், அதுவும் பெப்ரவரியில் வாருங்கள். நள்ளிரவிலும் வெயில் அடிக்கும் ஜூனில் வந்து பார்த்தவர் எவரும் இந்த ஊரைப் பற்றிச் சரியான முடிவெடுத்ததாக எனக்குத் தெரியவில்லை. நாங்கள் இருக்கும் வாடகை வீட்டை அதன் உரிமையாளர் விற்பதாகச் சொன்னால் மறுநாளே வங்கிக்குப் போய்விடுவேன் என்பது வேறு விடயம். அதை அறிவுரையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் அனுப்பிய வீட்டின் படங்கள் எல்லாம் கோடையில் எடுத்தவை. அதன் ஒரே வாசல் வடமேற்கே, நேராகக் கடலைப் பார்க்கிறது, முன்னறையும் இல்லை. புயலுக்கு அடுத்த நாள் காலையில் பனியை வெட்டி ஆளை வெளியே எடுப்பதைப் பார்த்திருக்கிறேன். விலையை இன்னும் குறைப்பார்கள்.