சீரீஸ் 2ஏ லேண்ட்ரோவரின் கிளட்ச்: கியர்பாக்ஸைக் கழற்றும் முன்

லேண்ட்ரோவர் சீரீஸ் 2ஏ வண்டியைப் பல வருடங்களாக வைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன். 1961 முதல் 1971 வரை வந்த மாடல். இவ்வளவு வயதான வண்டியில் கிளட்ச் தொந்தரவு வராமல் இருக்காது. எனக்கும் பல விதமாக வந்துபோயிருக்கிறது. அதில் பெரும்பாலானவைக்கும், இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைத்துப் பிரிக்கும் கிளட்ச் பிளேட்டுக்கும் சம்பந்தமே இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. ஏனென்றால் இந்த வண்டியில் பிளேட்டைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் தரைத்தகடு, நடு டனல், சீட் பாக்ஸ் என்று உள்ளே இருக்கிற எல்லாவற்றையும் கழற்றி, கியர்பாக்ஸையும், முன், பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்பர் பாக்ஸையும் ஒன்றாகப் பின்னால் இழுக்க வேண்டும். துருப்பிடித்த போல்ட்டுகளோடு மல்லுக்கட்டுவது தனி வேலை. அதனால் “கியர் விழ மாட்டேங்குது, பிளேட் போயிடுச்சு” என்று யார் சொன்னாலும் உடனே ஸ்பேனரை எடுக்காதீர்கள்.

முதலில், கியர் போடும்போது கரகரவென்று சத்தம் வருவது கிளட்ச் குறையாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. 2ஏ கியர்பாக்ஸில் 3, 4ஆம் கியருக்கு மட்டும்தான் சிங்க்ரோமெஷ் (கியர் சேரும் முன் வேகத்தைச் சமப்படுத்தும் அமைப்பு) உண்டு. நான்கு கியருக்கும் அது வந்தது 1971இல் வெளியான சீரீஸ் 3இல்தான். புது கார் ஓட்டிப் பழகிய கால், 3இலிருந்து 2க்கு நேராக இறக்கும், கியர் கத்தும். அங்கே தேவை டபுள் கிளட்ச் (நியூட்ரலில் ஒரு முறை கிளட்சை விட்டு, மறுபடி மிதித்து கியர் போடுவது), புது கிளட்ச் இல்லை.

உண்மையிலேயே கிளட்ச் விலகுகிறதா என்று பார்க்க ரிவர்ஸ் கியரை நம்பலாம். இன்ஜின் ஐட்லிங்கில் இருக்கட்டும். பெடலை முழுக்க மிதித்து, மனசுக்குள் பத்து வரை எண்ணிவிட்டு ரிவர்ஸ் போடுங்கள். பிளேட் முழுசாக விடுபட்டிருந்தால் அதற்குள் கியர்பாக்ஸின் உள்சுழற்சி நின்றுவிடும், கியர் சத்தமில்லாமல் விழும். அத்தனை நேரம் பொறுத்தும் கரகரத்தால் பிளேட் இழுத்துக்கொண்டிருக்கிறது, அதாவது முழுசாக விடுபடாமல் இன்ஜினோடு சேர்ந்து சுற்றுகிறது என்று அர்த்தம்.

சரி, இழுக்கிறது. இப்போது பெடலை வேகமாக இரண்டு மூன்று முறை அடித்துவிட்டுத் திரும்பவும் போட்டுப் பாருங்கள். கியர் விழுந்துவிட்டால் குறை, பெடலின் அழுத்தத்தை ஆயில் வழியாகக் கடத்தும் ஹைட்ராலிக் பக்கம்: உள்ளே ஏர் இருக்கிறது, இல்லை சீல் தேய்ந்திருக்கிறது. பெடலை மிதித்தபடியே வைத்திருக்கும்போது கியர் போட்டு நிற்கும் வண்டி மெல்ல நகரப் பார்த்தால், பெடலோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டருக்குள் சீலைத் தாண்டி ஆயில் திரும்பிப் போகிறது. இதில் வெளியே ஒரு சொட்டுகூடக் கசியாது. கிளட்ச் ஆயில் டேங்கில் அளவும் குறையாது. அதனால்தான் பலர் இதைப் பிளேட் என்று நினைத்துவிடுகிறார்கள். ஆயில் குறைந்துகொண்டே வந்தால் கிளட்ச் பக்கம் இருக்கும் ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் பூட்டைத் தூக்கிப் பாருங்கள், உள்ளே ஈரமாக இருக்கக் கூடாது. பெடல் பாக்ஸைச் சுற்றிப் பெயின்ட் உரிந்திருந்தால் மாஸ்டர் பின்பக்கம் கசிகிறது, ஏனென்றால் கிளட்ச்சிலும் ஊற்றுவது பிரேக் ஆயில்தான், அது பட்ட இடத்தில் பெயின்ட் நிற்காது. பழைய ரப்பர் ஹோஸ் உள்பக்கமாக ஊதி வழியை அடைப்பதும் உண்டு. அப்போது பெடலை விட்ட பிறகும் கிளட்ச் தாமதமாகத்தான் பிடிக்கும்.

இதெல்லாம் நன்றாக இருந்தும் என் வண்டியில் ஒரு கட்டத்தில் கிளட்ச் இழுத்துக்கொண்டே இருந்தது. பெடல் கல்லு மாதிரி கெட்டியாக இருந்தது, ஏர் இல்லை, கசிவு இல்லை. தரைத்தகட்டை எடுத்துவிட்டு, இன்னொருவரைப் பெடலை மிதிக்கச் சொல்லிப் பார்த்தேன். 2ஏயில் ஸ்லேவ் சிலிண்டர் வெளியே ஒரு லீவரைத் தள்ளும்; அந்த அசைவு ஒரு சின்ன இணைப்புக் குழாய் வழியாகத்தான் கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்குக்குள் போகும் ஷாஃப்ட்டுக்குச் சேரும். குழாயின் இரண்டு முனையிலும் குறுக்கே ஒரு பின். மிதித்ததும் லீவர் நகர்ந்தது. அடுத்திருந்த ஷாஃப்ட் அப்படியே நின்றது. இன்னும் கொஞ்சம் மிதித்த பிறகுதான் அதுவும் திரும்பத் தொடங்கியது. பின்னைத் தட்டி எடுத்துப் பார்த்தால் அதன் நடுவில் படி விழுந்தது போலத் தேய்மானம், ஓட்டையோ முட்டை வடிவத்துக்கு இழுபட்டிருந்தது. பெடலின் பயணத்தில் ஒரு பகுதி இந்தத் தேய்மானத்திலேயே வீணாகிக்கொண்டிருந்தது. குழாயும் பின்னும் மாற்றியதும் ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழுந்தது. 2ஏ வைத்திருப்பவர்கள் எல்லோரும் இந்த இடத்தை ஒரு முறையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும். கியர்பாக்ஸைக் கழற்றிப் புது பிளேட் போட்டிருந்தாலும் அந்தக் குறை அப்படியே இருந்திருக்கும்.

இதற்கு நேர் எதிர் தொந்தரவு ஸ்லிப். டாப் கியரில் ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை அழுத்தினால் இன்ஜின் மட்டும் இரைந்து, வண்டி வேகம் பிடிக்காது. இங்கேயும் பிளேட்டுக்கு முன்னால் பார்க்க வேண்டியது பெடல். மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனுக்கும் புஷ் ராடுக்கும் இடையே சுமார் 1.5 மில்லிமீட்டர் பிளே (இடைவெளி) இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் ஆயில் திரும்பும் துளை மூடியே இருக்கும், அழுத்தம் முழுசாக இறங்காது. எப்போதும் ஹாஃப் கிளட்ச்சில் கால் வைத்து ஓட்டுவதற்குச் சமம் அது.

பிளே சரியாக இருந்தும் ஸ்லிப் ஆனால், அல்லது கிளப்பும்போது வண்டி உதறினால், பிளைவீல் (கிளட்ச் பிளேட் அழுந்திப் பிடிக்கும் இன்ஜின் சக்கரம்) ஹவுசிங்கின் அடியைப் பாருங்கள். தண்ணீரில் இறங்கும்போது பிளக் போட்டு மூட அங்கே ஒரு துளை விட்டிருக்கிறார்கள். சாதாரணமாக ஓட்டும்போது அது திறந்தே இருக்க வேண்டும். எனக்கு இந்த வண்டியில் ரொம்பப் பிடித்த விஷயம் இதுதான். உள்ளே என்ன நடக்கிறது என்று கழற்றாமலே சொல்லிவிடும். அங்கிருந்து சொட்டும் ஆயிலை விரலில் தொட்டு முகர்ந்து பாருங்கள். கந்தக நெடி அடித்தால் அது இ.பி. 90 என்ற கியர் ஆயில், கியர்பாக்ஸ் முன்பக்கத்திலிருந்து வருகிறது. நெடி இல்லாமல் கறுப்பாக இருந்தால் இன்ஜின் ஆயில், கிராங்க் ஷாஃப்ட்டின் பின்பக்க சீலிலிருந்து வருகிறது. இரண்டில் எதுவாக இருந்தாலும் பிளேட் நனைந்திருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் உதறலுக்கு மட்டும் தீர்ப்புச் சொல்லும் முன் இன்ஜின் மவுன்ட் ரப்பர்களையும் அசைத்துப் பார்த்துவிடுங்கள்.

சத்தத்தைப் பிரித்தறிவது சுலபம். கிளட்சை மிதித்தால் வருகிற சத்தம், பிளேட்டை விடுவிக்கத் தள்ளும் ரிலீஸ் பேரிங். நியூட்ரலில் காலை எடுத்தால் வந்து, மிதித்தால் நின்றுவிடுவது கியர்பாக்ஸ் முன் பேரிங்.

மாதக்கணக்கில் நின்ற வண்டியில் பிளேட் துருவோடு பிளைவீலில் ஒட்டிக்கொள்ளும். திறந்த வெளியில் லோ ரேஞ்ச் (டிரான்ஸ்பர் பாக்ஸின் குறைவேக நிலை), முதல் கியர் போட்டு, கிளட்சை மிதித்தபடியே ஸ்டார்ட் செய்து, ஆக்சிலேட்டரை விட்டு விட்டு அழுத்தினால் பெரும்பாலும் விட்டுவிடும். வண்டி உடனே நகரும் என்பதால் முன்னால் ஆள் நிற்கக் கூடாது.

இத்தனைக்கும் பிறகு கியர்பாக்ஸ் இறங்கியே ஆக வேண்டுமென்றால், பிளேட்டோடு ரிலீஸ் பேரிங், கிராங்க் நுனியில் கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டின் முனையைத் தாங்கும் ஸ்பிகாட் புஷ், பின்பக்க சீல் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். புஷ் இறுகியிருந்தால் புது பிளேட்டும் இழுக்கும். வாங்கும் முன் பழைய பிளேட்டை அளந்துகொள்ளுங்கள்: காயில் ஸ்பிரிங் கிளட்ச் 9 அங்குலம், பின்னாளில் வந்த டயாஃப்ரம் கிளட்ச் 9.5 அங்குலம். பழைய வண்டிகளில் இன்ஜினும் பிளைவீலும் மாறியிருக்கலாம், புத்தகத்தில் உள்ள வருடத்தை மட்டும் வைத்து ஆர்டர் போட முடியாது.