கடை வாசலில் காய்ச்சல் பார்க்க: டெம்பரேச்சர் கன்னா, சுவர்ப் பெட்டியா, நாமே கட்டுவதா?

கொரோனா காலத்தில் மச்சானின் மளிகைக் கடைக்கு மூன்றையும் வைத்துப் பார்த்த பிறகு சொல்கிறேன். என் ஓட்டு, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் எலக்ட்ரானிக் உதிரி வாங்கி நாமே கட்டும் பெட்டிக்கு.

டெம்பரேச்சர் கன் எல்லாரும் பார்த்ததுதான். விலை குறைவு, ஆனால் நாள் முழுக்க வாசலில் ஓர் ஆள் நிற்கணும். சாயங்காலக் கூட்டத்தில் அவர் யார் நெற்றிக்கும் நேராக நீட்டுவதில்லை.

சுவரில் மாட்டும் ரெடிமேட் பெட்டிக்கு ஆள் வேண்டாம். யூ.எஸ்.பி. சார்ஜரில் ஓடும், 100.4 ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் கத்தும். ஏசி ஷோரூமுக்கு அதுவே போதும்.

ஷட்டரைத் தூக்கினால் நேரே ரோடு என்கிற கடைகளுக்குத்தான் சிக்கல். மூன்றுமே அளப்பது தோலின் அகச்சிவப்புக் கதிரை. உடம்புக்குள் இருக்கும் சூட்டை அல்ல. கத்திரி வெயிலில் நடந்து வந்தவர் நெற்றி காய்ச்சல் இல்லாமலே கொதிக்கும். அவரே வியர்த்துப்போய் ஃபேன் அடியில் நின்றால் எண் இறங்கிவிடும். சானிடைசர் தடவிய கையைக் காட்டினாலும் அதே கதைதான். ஸ்பிரிட் ஆவியாகும்போது தோல் குளிர்ந்துவிடும். (அப்போது நம்ம ஊர்க் கடைகளில் சானிடைசர்தான் முதலில் இருந்தது!) மேற்கு வெயில் பெட்டி மேலேயே விழுந்தால் சென்சாரும் தடுமாறும்.

நாமே கட்டுவது இங்கேதான் ஜெயிக்கிறது. தொடாமலே வெப்பம் பார்க்கும் எம்.எல்.எக்ஸ். 90614 சென்சார் எதிரே இருப்பதன் வெப்பத்தோடு தன் வெப்பத்தையும் தனியாகச் சொல்லும். சென்சாரின் சொந்த வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அளக்காதே என்று புரோகிராமில் எழுதிவிட்டேன். தப்பான எண்ணைக் காட்டி ஒருவரைத் திருப்பி அனுப்புவதைவிட அது மேல். சென்சாரை மட்டும் கழற்றி உள்பக்க நிழலுக்குக் கொண்டுபோகவும் முடிந்தது; ஆனால் ஒயரை ரொம்ப நீட்டக்கூடாது, ரீடிங் கெடும். சென்சார் போனால் அதை மட்டும் மாற்றினால் போதும்.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். மலிவாகக் கிடைக்கும் மாடலின் பார்வைக் கோணம் 90 டிகிரி. கையை 5 செ.மீ. தள்ளிக் காட்டினால் 10 செ.மீ. வட்டத்தைப் பார்க்கும், மணிக்கட்டோடு பின்னால் இருக்கும் சுவரும் கணக்கில் சேரும். கை 2, 3 செ.மீ.க்குள் வந்தால் மட்டும் அளக்கிற மாதிரி, கை கிட்டே வந்ததைக் கண்டுபிடிக்கும் ஒரு ஐ.ஆர். (அகச்சிவப்பு) சென்சாரையும் தனியாகச் சேர்த்தேன். மணிக்கட்டு உடம்பைவிடக் குளிர்ச்சி என்பதால் வீட்டு டிஜிட்டல் தெர்மாமீட்டரோடு ஒப்பிட்டுத் திருத்தமும் கொடுக்க வேண்டியிருந்தது.

மாஸ்க் போட்டிருக்கிறாரா என்று கேமராவில் பார்க்கும் பெட்டியை நண்பர் ஒருவர் கடையில் பார்த்ததோடு சரி, அதனால் தீர்ப்பு சொல்லமாட்டேன். காய்ச்சலே இல்லாத தொற்றை இவை எதுவும் பிடிக்காது.

வீட்டில் சால்டரிங் தெரிந்த ஆள் இல்லையென்றால் சுவர்ப் பெட்டியே வாங்குங்கள். வாசலில் மாட்டாமல் பத்தடி உள்ளே தள்ளி, ஏசி காற்று நேரே அடிக்காத இடமாகப் பார்த்து மாட்டுங்கள். சானிடைசர் அதற்கு அப்புறம் இருக்கட்டும்.