பனமேராவா, கயேனா? குமரி மாவட்டச் சாலைக்கு எது?

வளைகுடாவிலிருந்து ஊர் திரும்பும் மச்சானுக்கு போர்ஷே வாங்க ஆசை. இரண்டு பிள்ளைகளும் வளர்ந்துவிட்டதால் போர்ஷேயின் இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் காரான 911-இன் பின்சீட் போதாது. தாழ்ந்த செடான் வகையான பனமேராவா, உயரமான எஸ்யூவியான கயேனா என்று தினமும் போனில் கேட்கிறான்.

2002-இல் கயேன் வந்தபோது, ஸ்போர்ட்ஸ் கார் கம்பெனிக்கு எஸ்யூவி எதற்கு என்று ரசிகர்கள் கொதித்தார்கள். பிறகு கம்பெனியைத் தாங்கியதே அதன் விற்பனைதான். பனமேரா 2009-இல் வந்தது. மற்ற ஸ்போர்ட்ஸ் கார் கம்பெனிகளின் உயரமான கார்களான லம்போர்கினி உருஸ், ஃபெராரி புரோசாங்குவே எல்லாம் அப்புறம்தான்.

உயரம்:
பனமேரா தரையோடு ஒட்டி நிற்கும். குலசேகரம் பக்கத்து வேகத்தடைகளில் நெஞ்சு பதறும்.
கயேன் தயங்காமல் ஏறி இறங்கும். காற்றழுத்தத்தால் காரின் உயரத்தை மாற்றும் ஏர் சஸ்பென்ஷன் இருந்தால் இன்னும் உயர்த்தலாம்.

ஓட்டம்:
ஆரல்வாய்மொழி தாண்டி நெல்லை போகும் நான்குவழிச் சாலையில் பனமேராதான் ராஜா. தாழ்ந்த உடல், அலுங்காத ஓட்டம்.
கயேனும் வேகம்தான், ஆனால் எடை தெரியும்.

டிக்கி:
2016 பனமேராவில் 495 லிட்டர்.
2017 கயேனில் 770.

உப்புக்காற்று இரண்டையும் விடாது. குளச்சலில் இரவு நிறுத்திய காரின் கண்ணாடியைக் காலையில் தொட்டுப் பாருங்கள், விரல் பிசுபிசுக்கும். அடிப்பாகத்தை அடிக்கடி நல்ல தண்ணீரில் கழுவியே ஆகவேண்டும்.

மதுரை, சென்னை என்று அடிக்கடி ஓடுபவர்கள் பனமேராவை எடுக்கலாம். மச்சான் வீடு திற்பரப்புப் பக்கம். கடைசி அரை கிலோமீட்டர் மழை அரித்த ரப்பர் தோட்டப் பாதை. அவனுக்குக் கயேன்தான் என்று சொல்லிவிட்டேன்.