பூம் வளைவதில் தவறில்லை: 40 டன் கிரேனோடு சில ஆண்டுகள்

மதுரை வட்டாரத்தில் கிரேன் வாடகைத் தொழில் என்றால் பெரும்பாலும் லோடைத் தூக்கிக்கொண்டே நகரும் சிறிய ஹைட்ரா கிரேன்தான். எங்களிடம் அதோடு 40 டன் டெலஸ்கோப்பிக் கிரேன் ஒன்றும் இருக்கிறது. செகண்ட் ஹேண்டில் வாங்கியது. ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து நீளும் நான்கு அடுக்குத் தூக்குக் கைதான் பூம், முழுக்க நீட்டினால் 30 மீட்டரை ஒட்டி வரும். கப்பலூர் சிட்கோவில் ஷெட்டுக்குக் கூரை தாங்கும் டிரஸ் ஏற்றுவது, வாடிப்பட்டிப் பக்கம் அரிசி ஆலைக்கு இயந்திரம் இறக்குவது, கோயில் திருப்பணிக்குக் கல்தூண் நிறுத்துவது என எல்லா வேலையும் பார்த்துவிட்டது. இன்ஜின், ரோப்பைச் சுற்றி இழுக்கும் வின்ச், பம்ப் எதிலும் சொல்லும்படியான குறை இல்லை. டீசல் செலவும் நியாயம்தான். நான் விரிவாக எழுத நினைப்பது பூமைப் பற்றி.

வேலை நடக்கும் இடத்தில் வேடிக்கை பார்க்க வருபவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "அண்ணே, இப்படி வளைகிறதே, ஒடிந்துவிடாதா?" எந்தத் தூரத்தில் எவ்வளவு எடை தூக்கலாம் என்று சொல்லும் கிரேன் பட்டியல்தான் சார்ட்; அதில் உள்ள எடைக்குள் தூக்கினால் ஒடியாது. சாதாரணக் கட்டுமான இரும்பு 250 மெகாபாஸ்கல் அழுத்தத்தில் நிரந்தரமாக வளையத் தொடங்கும் என்றால், இன்றைய பூம் தகடுகள் 690-ஐயும் தாண்டித் தாங்கும். ஆனால் விறைப்பு, அதாவது வளைய மறுக்கும் தன்மை, இரண்டுக்கும் ஒன்றுதான், ஏறத்தாழ 200 கிகாபாஸ்கல். உறுதி கூடியதால் தகட்டை மெல்லியதாக்கி எடையைக் குறைத்துவிட்டார்கள். விறைப்பு கூடாததால் பூம் அதிகம் வளைகிறது. பழைய கனமான பூம்களைப் பார்த்துப் பழகியவர்களுக்குப் புதியவை பயம் தருவது இதனால்தான். நீளமும் சேர்ந்துகொள்கிறது. அதே குறுக்குவெட்டு, அதே எடை என்றால், நீளம் இரு மடங்கானால் முனையின் வளைவு எட்டு மடங்காகும்.

பயப்பட வேண்டியது ரேடியஸுக்கு, அதாவது கிரேன் சுழலும் மையத்திலிருந்து கொக்கி வரையுள்ள கிடைத்தூரத்துக்கு. ஒரு கல்தூணை எடுத்துக்கொள்வோம். 60 சென்டிமீட்டர் சதுரம், 5 மீட்டர் உயரம். கருங்கல் கனமீட்டருக்குச் சுமார் 2.7 டன் என்பதால் தூண் 5 டன்னை நெருங்கும். 30 மீட்டர் பூமை 12 மீட்டர் ரேடியஸில் நிறுத்தினால் கோணம் ஏறத்தாழ 66 டிகிரி. அந்தக் கோணத்தில் பூம் தன் நீளத்துக்குச் செங்குத்தாக அரை மீட்டர் வளைந்தால், முனை கீழே இறங்குவது 20 சென்டிமீட்டர்தான். வெளியே போவதோ 45 சென்டிமீட்டர். கீழே நின்று பார்ப்பவன் கண்ணுக்கு இறக்கம் பெரிதாகத் தெரியாது. தூண் மட்டும் தரையை விட்டதும் வெளிப்பக்கம் நகரும். சார்ட்டில் 12 மீட்டருக்குப் பார்த்த எடை, 12.5 மீட்டருக்குச் செல்லாது.

எங்கள் ஆபரேட்டர் இதற்குச் செய்வதைப் பலமுறை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். தூணைக் கட்டித் தூக்கும் சிலிங்கை மாட்டி, ரோப்பை மெல்ல இறுக்குவார். எடை பாதி ஏறும்போதே ரோப் வெளிப்பக்கம் சாயத் தொடங்கும். அங்கே வின்சை நிறுத்திவிட்டு, பூமைக் கொஞ்சம் மேலே எடுப்பார். ரோப் தூக்குக்குண்டு போல நேராக நின்ற பிறகே மறுபடி வின்ச். இப்படி இரண்டு மூன்று முறை மாறி மாறிச் செய்து, தூணை ஒரு சாண் தூக்கி நிறுத்துவார். ஹெல்ப்பர் டேப்பைப் பிடித்து ரேடியஸை அளந்து சொல்வார். கேபின் திரையில் காட்டும் எண்ணோடு அது ஒத்துப்போன பின்புதான் மேற்கொண்டு வேலை. இந்தப் பொறுமை இல்லாமல் ஒரே இழுப்பில் தூக்கினால் லோடு வெளியே பாயும், அந்தப் பக்கம் நிற்பவன் கால் தப்பாது. இறக்கும்போது எல்லாம் தலைகீழ். கல் தரையில் உட்கார உட்கார பூம் நிமிரும், கொக்கி கிரேனை நோக்கி வரும். அப்போது பூமைச் சிறிது சிறிதாகக் கீழே விட வேண்டும்.

பக்கவாட்டு வளைவு வேறு விஷயம், அதை நான் மன்னிப்பதே இல்லை. பூம் மேலிருந்து கீழே வரும் எடையைத் தாங்கச் செய்யப்பட்டது. ஒரு பக்கமாகக் கிடக்கும் கல்லைக் கொக்கியால் இழுத்துத் தரச் சொல்லும் வாடிக்கையாளர்கள் உண்டு. எவ்வளவு பணம் தந்தாலும் செய்ய மாட்டோம்.

வெயிலும் பூமைப் பக்கவாட்டில் வளைக்கும். சித்திரை மாதத்துக் காலை வெயில் ஒரு பக்கத்தில் மட்டும் அடித்து, பூமின் இரு பக்கத்துக்கும் 10 டிகிரி வித்தியாசம் வந்தால், 80 சென்டிமீட்டர் அகலமுள்ள 30 மீட்டர் பூமின் முனை கணக்குப்படி 6 முதல் 7 சென்டிமீட்டர் வரை விலகும். டிரஸின் போல்ட் துளையைச் சேர்க்கும் நேரத்தில் அது பெரிய தூரம்.

இந்த வண்டியில் எனக்குள்ள உண்மையான குறை, அடுக்குகள் வழுக்கி நகர அவற்றுக்கு நடுவே இருக்கும் நைலான் பேட்கள். தேய்மானத்தால் இடைவெளி கூடி, லோடே இல்லாமல் பூம் இடப்பக்கம் சாய ஆரம்பித்தது. உதிரிபாகம் கேட்டால் விற்பனையாளர் வாரக்கணக்கில் காக்கவைத்தார். பேட் மாற்றி, இடைவெளி அடைக்கும் மெல்லிய ஷிம் தகடு வைத்து இடைவெளியைச் சரிசெய்த பிறகு பூம் நேரானது. பூம் நீளும்போது கிறீச்சிட்டு அதிர்ந்தால் கிரீஸ் காய்ந்துவிட்டது என்று பொருள். அதைத் தள்ளிப்போடக் கூடாது.

திருமங்கலத்துக்குத் தெற்கே கரிசல் மண்ணில் வேலை எடுப்பவர்களுக்கு இன்னொன்று. அங்கே லோடு வெளியே நகர்ந்தால் உடனே பூம் மீது பழி போடாதீர்கள். வண்டி மட்டமாக நிற்கிறதா என்று காட்டும் லெவலின் குமிழைப் பாருங்கள். குமிழ் இடம் மாறியிருந்தால் வண்டியைத் தாங்கப் பக்கவாட்டில் நீட்டி ஊன்றும் காலான அவுட்ரிகர் மண்ணில் இறங்குகிறது. லோடை இறக்கிவிட்டு அடியில் ஸ்லீப்பர் கட்டைகளைக் கூட்ட வேண்டும். குமிழ் அசையாமல் இருந்தால் அது பூமின் வளைவு.

செகண்ட் ஹேண்டில் வாங்கப் போகிறவர்கள் வெயில் ஏறுவதற்கு முன் போங்கள். வண்டியை லெவல் செய்து, பூமை முழுக்க நீட்டச் சொல்லி, பின்னால் நின்று முனை நேராக இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு எடை தெரிந்த லோடு ஒன்றைச் சார்ட்டுக்குள் தூக்கி இறக்கச் சொல்லி, மறுபடி அதே இடத்தில் நின்று பாருங்கள். பேட் தேய்ந்திருந்தால் விலையைக் குறைத்துக் கேட்கலாம். லோடை இறக்கிய பிறகும் தகட்டில் வளைவோ நெளிவோ தங்கியிருந்தால், எந்த விலைக்கும் வேண்டாம்.