ரன்னிங்கில் இரண்டு ‘என்’, ரைட்டிங்கில் ஏன் ஒரே ‘டீ’?

அக்கா மகன் இரண்டாம் வகுப்பு. டிக்டேஷன் நோட்டில் ‘ரைட்டிங்’ என்ற சொல்லுக்கு இரண்டு டீ போட்டிருந்தான். சிவப்பு மையில் ஒரு சுழி. அழித்து அழித்துத் தாளில் ஓட்டையே விழுந்திருந்தது. “சித்தி, ரைட்டிங்னு சொன்னா ரெண்டு ‘ட்’ கேக்குதே?” என்றான். தமிழில் அப்படித்தானே எழுதுகிறோம், பிள்ளையை என்ன குறை சொல்ல?

ஆங்கிலச் சொல்லோடு ‘இங்’, ‘எட்’, ‘ஃபுல்’ போன்ற பின்னொட்டு சேரும்போது ஸ்பெல்லிங் எப்படி மாறும் என்பதை அவனுக்கும் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் நாலு வழியில் சொல்லிப் பார்த்தேன்.

முதலாவது எல்லாருக்கும் தெரிந்த வழி: வாரம் பத்துச் சொல், ஒவ்வொன்றையும் ஐந்து முறை எழுது, சனிக்கிழமை டிக்டேஷன். நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு அல்லாடும் டீச்சருக்கு இதுதான் சுலபம், அதை மறுக்க முடியாது. ஆனால் ‘ரன்னிங்’ படித்த பிள்ளைக்கு ‘ஸ்விம்மிங்’ புதுச் சொல்தான். ஒரு வினைச்சொல்லுக்கு மூன்று நான்கு வடிவம் என்றால் பத்து சொல் நாற்பதாகிறது. ‘சே’யிலிருந்து வரும் ‘செட்’, ‘பே’யிலிருந்து வரும் ‘பெய்ட்’, ‘ட்ரூலி’ மாதிரி எந்த விதிக்கும் அடங்காத சொற்களுக்கு மட்டும் மனப்பாடம் போதும்.

இரண்டாவது, விதியைச் சொல்லிக் கொடுப்பது. ஒரே அசை, ஒரே உயிரெழுத்து, கடைசியில் ஒரே மெய். இந்த மூன்றும் இருந்து, உயிரில் தொடங்கும் பின்னொட்டு வந்தால் கடைசி மெய்யை இரட்டிக்க வேண்டும். ஆனால் டபிள்யூ, எக்ஸ், ஒய் இரட்டிக்காது. விதி சரிதான், ஏழு வயதுப் பிள்ளைதான் எண்ணிக்கொண்டே வந்து நடுவில் தொலைந்துபோகிறது. இங்கிலாந்தின் 2014 பாடத்திட்டம் இதற்கு வைத்திருக்கும் வரிசை எனக்குப் பிடிக்கும். முதல் வருடம், ஐந்து ஆறு வயதில், மூலச்சொல் மாறாதவை மட்டும்: ஜம்ப்பிங், ஹெல்ப்பிங். மெய் இரட்டிப்பதும், கடைசியில் இருக்கும் ஆங்கில எழுத்து ‘இ’ விழுவதும், ஒய் ஐயாக மாறுவதும் அடுத்த வருடம். அழுத்தம் எந்த அசையில் விழுகிறது என்று பார்க்க வேண்டிய ‘பிகினிங்’, ‘கார்டனிங்’ வகையெல்லாம் அதற்கும் அப்புறம். என் கையில் கிடைத்த ஒர்க்‌ஷீட்டில் எல்லாமே ஒரே பக்கத்தில் இருந்தது.

மூன்றாவது, காகிதத் துண்டு. ‘ஹோப்’ என்று எழுதி, கடைசி ‘இ’யைப் பின்னால் மடிக்கும்படி விட்டேன். ‘இங்’ துண்டை ஒட்ட வந்தால் ‘இ’யை மடி, ‘ஃபுல்’ வந்தால் மடிக்காதே. எழுத்து எங்கும் போய்விடவில்லை, மடிப்புக்குள் இருக்கிறது என்று பிள்ளைக்குக் கண்ணால் தெரிகிறது. ‘எட்’டுக்கும் இதுதான் கைகொடுத்தது. ஜம்ப்ட், ப்ளேய்ட், வாண்டெட் என்று வாய் மூன்று விதமாகச் சொன்னாலும் ஒட்டுகிற துண்டு ஒன்றே. ஜம்ப்டுக்குக் கடைசியில் டீ போடும் பழக்கம் அந்தப் பெண்ணுக்கு இரண்டே நாளில் போனது.

நான்காவது வழி தமிழ். எனக்கே தாமதமாகத்தான் உறைத்தது. தோன்றல், திரிதல், கெடுதல் என்று புணர்ச்சியில் படித்தோமே, ஆங்கிலத்திலும் அதே மூன்றுதான். காசு + இல்லை, ‘உ’ கெட்டு காசில்லை. ஹோப்போடு ‘இங்’ சேர்ந்தால் ‘இ’ கெடுகிறது. ‘காசு தா’ என்றால் ‘உ’ அப்படியே இருக்கிறது, ஹோப்ஃபுல்லில் ‘இ’ இருப்பதுபோல. ‘க்ரை’, ‘க்ரைட்’ ஆகும்போது ஒய் ஐயாகத் திரிகிறது. தோன்றலுக்கு நன்னூல் வரியே இருக்கிறது: “தனிக்குறில்முன் ஒற்று உயிர்வரின் இரட்டும்.” கண் + ஐ, கண்ணை, கால் + ஐ, காலை. ரன் குறில், அதனால் ரன்னிங். ரெயின் எழுத்தில் ‘ரெ’ என்றாலும் வாயில் ‘ரே’ என்று நெடில், அதனால் ரெயினிங். ஸ்விம்முக்கு இரட்டிக்கும், ட்ரீமுக்கு இரட்டிக்காது. இலக்கணம் படிக்காத பிள்ளையும் ‘காலை’ என்பதைக் ‘கால்லை’ என்று சொல்லாது. அந்தக் காதை ஏன் சும்மா விட வேண்டும்?

ஆனால் வல்லினத்தில் இதே காது காலை வாரிவிடும். தமிழில் நடுவில் ஒற்றை ‘ட’ போட்டால் ஒலி மெலிந்து ‘மீடிங்’ ஆகிவிடும். அதனால் கட்டிங், மீட்டிங், ரைட்டிங் எல்லாவற்றுக்கும் இரண்டு போடுகிறோம். அங்கே இரட்டிப்பைக் கேட்கக் கூடாது, அதற்கு முன்னால் இருக்கும் உயிரைக் கேட்க வேண்டும். கட் குறில், மீட் நெடில், ரைட்டில் இருப்பது ‘ஐ’, அதுவும் நெடில்.

இன்னும் இரண்டு ஓட்டை உண்டு. ‘ஷாப்’, ‘ஸ்டாப்’ எல்லாம் நம் வாயில் நெடிலாகத்தான் வரும், ஆனாலும் பி இரட்டிக்கும். ‘லுக்’ குறில்தான், ஆனால் எழுத்தில் இரண்டு ஓ இருப்பதால் கே இரட்டிக்காது. இந்த மாதிரிச் சொற்களுக்கு இரண்டாவது வழிக்கே போய் எழுத்தை எண்ணித்தான் ஆக வேண்டும்.

என்னைக் கேட்டால், முதலில் காகிதத் துண்டு, கூடவே குறில் நெடில். விதி அட்டவணை ஒரு வருடம் கழித்து வந்தால் போதும்.

போன வாரம் ‘ரைட்டிங்’கை ஒரே டீயோடு எழுதிவிட்டு, புத்தகத்தில் ‘ரிட்டன்’ என்ற சொல்லைக் காட்டிச் சண்டைக்கு வந்தான். “இதுல மட்டும் ரெண்டு டீ இருக்கே?”

“ஒட்டு இல்லாம சொல்லிப் பாரு.”

“ரிட்...” என்றான். அப்புறம் ஒன்றும் பேசாமல் அந்தச் சொல்லை நோட்டில் எழுதிக்கொண்டான், இரண்டு டீயோடு.