தவறிய நாளுக்கு மறுநாள்: வேதவாசிப்பு, ஜெப முறைகளில் எது கைகொடுக்கும்?

ஒரே வருடத்தில் வேதத்தை முடிப்பதா, ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு மெதுவாகப் போவதா, தினம் ஒரு வசனம் போதுமா, காலையா இரவா, எழுதி வைத்த ஜெபமா சொந்த வார்த்தையா என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். அவரவருக்கு ஒத்துவந்ததுதான் அவரவருக்குச் சிறந்தது, அதில் தப்பும் இல்லை. நான் இங்கே ஒரே ஒரு அளவுகோலை வைத்துப் பார்க்கிறேன். ஒழுங்காகப் போகும் நாளில் எந்த முறையும் நல்ல முறைதான். ஆனால் காய்ச்சலோ பயணமோ வேலைச்சுமையோ வெறும் சோம்பலோ, ஏதோ ஒன்றால் ஒரு நாள் விட்டுப்போனால், மறுநாள் அந்த முறை உங்களைத் திரும்ப உட்கார வைக்கிறதா, இல்லை வேதத்தைப் பார்த்தாலே கூச்சப்பட்டு ஒதுங்க வைக்கிறதா?

இந்த அளவுகோலுக்குக் காரணம் இருக்கிறது. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த ஃபிலிப்பா லாலியும் அவருடைய குழுவினரும் 2009இல் வெளியிட்ட ஆய்வில் 96 பேர் புதிதாக ஒரு பழக்கத்தைத் தொடங்கினார்கள். சாப்பாடு, தண்ணீர், உடற்பயிற்சி மாதிரி விஷயங்கள்தான், ஜெபம் அல்ல. பழக்கம் தானாக நடக்க ஆரம்பிக்க எடுத்த காலம் நடுவாக 66 நாள், ஆளைப் பொறுத்து 18 முதல் 254 நாள் வரை. "21 நாளில் பழக்கமாகிவிடும்" என்று சொல்கிறவர்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். நமக்கு வேண்டியது இதுதான்: இடையில் ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. ஆக, தவறிய நாள் பிரச்சினையே இல்லை, அதற்குப் பிறகு நாம் செய்வதுதான் பிரச்சினை.

வருடத் திட்டம்

66 புத்தகங்களில் மொத்தம் 1189 அதிகாரங்கள். வருடத்துக்குப் பிரித்தால் நாளுக்கு மூன்றேகால், அதனால்தான் "வாரநாளில் மூன்று, ஞாயிறு ஐந்து" என்கிற பழைய கணக்கு. நேரம் என்று பார்த்தால் கால் மணி, மிஞ்சினால் இருபது நிமிடம், யாரும் ஒதுக்கக்கூடியதுதான். சிக்கல் வேறு இடத்தில். ஆதியாகமம் 50 அதிகாரம், யாத்திராகமம் 40 அதிகாரம், அப்படியென்றால் ஜனவரி முடிவதற்குள் லேவியராகமம் வந்துவிடும். அதற்கு முன்பே ஆசரிப்புக் கூடாரத்தின் அளவுகளும் திரைகளும் யாத்திராகமம் 25ஆம் அதிகாரத்திலிருந்து ஒருமுறை வந்து, கடைசி ஆறு அதிகாரங்களில் கட்டும்போது திரும்பவும் வந்து, அதைத் தாண்டிய உடனே பலிகளைப் பற்றி ஏழு அதிகாரம். வேதத்தோடு இன்னும் பழகாத ஒருவர் சரியாக இந்த இடத்தில் மூன்று நாள் விட்டால் பத்து அதிகாரம் பாக்கி, ஒரு வாரம் விட்டால் இருபத்துமூன்று. திட்டத் தாளில் தேதி போட்டிருப்பதால் பாக்கி எவ்வளவு என்று அதுவே தினமும் சொல்லிக்காட்டும். வட்டி ஏறும் கடன் மாதிரி அது வளர, வேதம் இருக்கும் பக்கம் போகவே மனம் வராமல் போகிறது. பிப்ரவரியில் இத்தனை பேர் நின்றுவிடுவதற்குப் பக்திக்குறைவு காரணம் என்று நான் நினைக்கவில்லை.

இந்த ஆபத்து புதிதும் அல்ல. இன்றைக்கும் பலர் பின்பற்றும் திட்டங்களில் ஒன்றை ஸ்காட்லாந்தின் டண்டீ நகரப் போதகர் ராபர்ட் மர்ரே மெக்ஷெயின் 1842இல் தன் சபைக்காகத் தயாரித்தார். ஜனவரி 1 அன்று ஆதியாகமம் 1, மத்தேயு 1, எஸ்றா 1, அப்போஸ்தலர் 1 என்று நான்கு இடங்களில் ஒரே நேரத்தில் தொடங்கும். வருட முடிவில் பழைய ஏற்பாடு ஒருமுறை, புதிய ஏற்பாடும் சங்கீதமும் இரண்டு முறை முடிந்திருக்கும். நான்கு இடத்தில் ஓடுவதால் லேவியராகமத்தில் சிக்கினாலும் அதே நாளில் வேறொரு பகுதி கைகொடுக்கும், அந்த விதத்தில் நேர்வரிசைத் திட்டத்தைவிட இது புத்திசாலித்தனமானது. ஆனால் மெக்ஷெயினே இதன் ஆபத்துகளை முன்கூட்டியே எழுதி வைத்தார்: வெறும் சடங்காகிவிடுவது, சுயநீதி, கவனமில்லாத வாசிப்பு, சிலருக்குச் சுமக்க முடியாத நுகம். திட்டத்தைக் கொடுக்கிற ஆளே இப்படிச் சொன்னால், அதைக் கையில் வாங்குகிறவர்களும் கேட்டுக்கொள்ள வேண்டாமா?

வருடத் திட்டத்துக்கு ஒரு பெரிய பலம் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். நாமாகப் போகாத இடங்களுக்கு அது இழுத்துக்கொண்டு போகும். நாகூம், ஆபகூக், நாளாகமத்தின் பெயர்ப் பட்டியல்கள் எல்லாம் திட்டம் இல்லாமல் யாரும் போய் உட்காரும் இடங்கள் அல்ல. அதனால் என் யோசனை, திட்டத்தை வைத்துக்கொள்ளுங்கள், தேதிகளை அடித்துவிடுங்கள். வாசித்ததற்கு ஒரு டிக், அவ்வளவுதான். பதினெட்டு மாதம் ஆனால் ஆகட்டும். முதல்முறை தொடங்குகிறவருக்கு மட்டும் இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

ஒரே புத்தகம், மெதுவாக

மாற்கு 16 அதிகாரம். நாளுக்கு ஒன்று என்றால் இரண்டு வாரத்துக்குச் சற்று மேல். பிலிப்பியர் நான்கே அதிகாரம், ஒரே மூச்சில் வாசித்துவிட்டு மறுநாளும் அதையே வாசிக்கலாம், அப்படி ஒரு மாதம் ஓட்டினால் வசனங்கள் தாமாகவே மனப்பாடம் ஆகும். துறவிகள் வழியில் இதற்கு ஓர் ஒழுங்கும் இருக்கிறது: 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் குய்கோ என்ற கார்த்தூசியத் துறவி வாசித்தல், தியானித்தல், ஜெபித்தல், தேவனுக்கு முன் அமர்ந்திருத்தல் என்று நான்கு படிகளாக வகுத்தார். ஐந்து வசனம் போதும், அரை மணி நேரம் ஓடிவிடும்.

மறுநாள் சோதனையில் இந்த முறை சுலபமாகத் தேறுகிறது, ஏனென்றால் பாக்கி என்பதே கிடையாது, விட்ட இடத்தில் தொடர்ந்தால் சரி. குறை என்னவென்றால், பிடித்த புத்தகங்களிலேயே சுற்றிக்கொண்டிருப்போம். பிலிப்பியரும் யோவானும் சங்கீதமுமாகப் பத்து வருடம் ஓட்டிவிட்டு எரேமியா பக்கமே போகாதவர்கள் உண்டு.

தினம் ஒரு வசனம்

எரேமியா என்றதும் 29:11 நினைவுக்கு வரும், "தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே". வாக்குத்தத்த அட்டைகளில் அதிகம் பார்க்கும் வசனம். அதற்கு முந்தின வசனத்தில் பாபிலோனிலே எழுபது வருஷம் முடிய வேண்டும் என்று இருக்கிறது, அந்த அட்டையில் அது வராது. இதுதான் இந்த முறையின் குறை. இதையே நல்லபடியாகச் செய்யவும் முடியும்: ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட்டில் மொராவியர்கள் என்ற கிறிஸ்தவ சபையார் 1728இல் நாளுக்கொரு வசனம் கொடுக்க ஆரம்பித்து 1731 முதல் வருடாவருடம் புத்தகமாக அச்சிடுகிறார்கள். பழைய ஏற்பாட்டு வசனத்தைச் சீட்டுப் போட்டு எடுத்து, அதற்குப் பொருந்தும் ஒரு புதிய ஏற்பாட்டு வசனத்தைத் தேர்ந்து சேர்க்கிறார்கள். வசனம் வந்த அதிகாரத்தை முழுதாக ஒருமுறை திறந்து பார்த்தால் பாதிக் குறை தீர்ந்துவிடும். நேரமே இல்லாத காலங்களுக்கு, கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு, இது போதும். பல வருடங்களுக்கு இதுவே மொத்தமும் என்றால் போதாது.

தேதிப்படி சங்கீதம்

தொடங்குகிறவருக்கு என் ஓட்டு இதற்குத்தான். 150 சங்கீதம், 30 நாள், நாளுக்கு ஐந்து. இன்றைய தேதியை எடுத்து முப்பது முப்பதாகக் கூட்டிக்கொண்டே போங்கள்: 7ஆம் தேதி என்றால் 7, 37, 67, 97, 127. ஐந்தும் முடியாவிட்டால் ஒன்று. 29ஆம் தேதி மட்டும் 176 வசனம் கொண்ட 119 வந்து நிற்கும், அன்றைக்கு அது ஒன்றே போதும். நீதிமொழிகளில் 31 அதிகாரம் இருப்பதால் அதையும் இப்படியே செய்யலாம். இதில் நேற்று விட்டதை இன்று தேட வேண்டியதில்லை, இன்றைய தேதிக்குரியதை வாசித்தால் போதும், விட்டது அடுத்த மாதம் தானாக வரும். அதோடு சங்கீதம் வாசிப்பும் ஜெபமும் ஒன்றாகவே இருக்கும் புத்தகம், வாசித்து முடித்துவிட்டு "சரி, இப்போது என்ன ஜெபிப்பது" என்று முழிக்க வேண்டாம்.

எழுதிய ஜெபமா, சொந்த வார்த்தையா

இதில்தான் சபைகளுக்குள் அதிகம் மனஸ்தாபம். சொந்த வார்த்தையில் ஜெபிக்கிறவர்கள் மத்தேயு 6:7ஐ எடுத்து "வீண்வார்த்தைகளை அலப்பாதேயுங்கள்" என்பார்கள். அதே அதிகாரத்தில் இரண்டு வசனம் தள்ளி இயேசுவே வார்த்தை வார்த்தையாக ஒரு ஜெபத்தைக் கற்றுக்கொடுக்கிறார். சிலுவையில் அவர் ஜெபித்தவற்றிலும் சங்கீதம் 22இன் முதல் வரியும் 31:5உம் இருக்கின்றன. இந்தப் பக்கம், நெகேமியா ராஜாவின் கேள்விக்கும் தன் பதிலுக்கும் நடுவில் ஒரு ஜெபம் செய்கிறான் (நெகேமியா 2:4), அதற்கு எந்தப் புத்தகத்தைப் புரட்டியிருக்க முடியும்? இரண்டுக்கும் வேதத்தில் இடமிருக்கிறது. இன்னொன்றும் உண்டு, சொந்த வார்த்தை என்று நாம் நினைப்பதில் பாதி, "அன்பின் பரலோக பிதாவே, இந்த நல்ல நாளுக்காய் உமக்கு ஸ்தோத்திரம்" என்று வருடக்கணக்காக மாறாமல் வருவதுதானே.

மறுநாள் சோதனை வைத்தால் எழுதிய ஜெபம் ஜெயிக்கும். பத்து நாள் ஜெபிக்காமல் இருந்தவருக்கு முதல் வாக்கியம் வாயில் வராது, அப்போது கர்த்தருடைய ஜெபம் தயாராக இருக்கிறது. சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தர் 1535இல் தன் முடிதிருத்துநர் பீட்டருக்கு எழுதிக்கொடுத்த வழி இரண்டையும் சேர்க்கிறது: அந்த ஜெபத்தில் ஒவ்வொரு விண்ணப்பமாக நின்று, அதை நம் வார்த்தையில் விரித்து ஜெபிப்பது, மனம் ஒரு விண்ணப்பத்திலேயே தங்கிவிட்டால் மற்றவற்றை விட்டுவிடுவது.

எது முதலில் என்பதிலும் ஒரு பழைய அனுபவம் உதவுகிறது. பிரிஸ்டலில் அநாதைக் குழந்தைகளுக்கு இல்லங்கள் நடத்திய ஜார்ஜ் முல்லர், வருடக்கணக்கில் காலையில் எழுந்ததும் ஜெபத்தில்தான் தொடங்கினார், முதல் பத்து நிமிடம், கால் மணி, சில நாள் அரை மணிகூட மனம் அலைந்துகொண்டே இருந்தது. வாசிப்பை முன்னால் போட்டு, வாசித்ததிலிருந்தே ஜெபத்துக்குள் போன பிறகு அந்தத் தொல்லை பெரும்பாலும் போய்விட்டது என்று 1841இல் எழுதினார். வாசிப்பு முதலில், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மற்றவை சுருக்கமாக

காலையா இரவா என்ற சண்டைக்கு மாற்கு 1:35ஐ மட்டும் காட்டுகிறவர்கள், ஈசாக்கு தியானம்பண்ணப் போனது சாயங்காலம் என்பதையும் (ஆதியாகமம் 24:63) தானியேல் நாளுக்கு மூன்று வேளை முழங்கால்படியிட்டதையும் விட்டுவிடுகிறார்கள். இரவு வேலை செய்கிறவருக்கு அதிகாலை என்பதே தூங்கப் போகும் நேரம். மணியைப் பார்த்து உட்காருவதைவிட, தினமும் எப்படியும் நடக்கிற ஒரு காரியத்துக்குப் பின்னால் ஒட்டிவிடுவது நல்லது, பல் தேய்த்த பிறகு, பிள்ளைகளை அனுப்பிய பிறகு, இப்படி.

புத்தகமா போனா என்றால் எது கையில் இருக்கிறதோ அது, ஆனால் போனில் நோட்டிஃபிகேஷனை நிறுத்திவிட்டு. செயலிகளில் "தொடர்ந்து இத்தனை நாள்" என்று காட்டும் எண்ணிக்கை இருக்கிறதே, அதை நான் அணைத்துவிடச் சொல்வேன். நாளாக நாளாக எண்ணிக்கையைக் காப்பாற்றத்தான் வாசிப்போம், ஒரு நாள் தவறினால் அது பூஜ்யத்துக்குப் போய் நிற்கும், அந்தப் பூஜ்யத்தைப் பார்த்து மொத்தமாகவே விட்டவர்கள் இருக்கிறார்கள்.

தனியாகச் செய்வதைவிடத் துணைக்கு ஒருவர் இருப்பது மேல், ஆள் சரியாக அமைந்தால். "இன்று வாசித்தாயா?" என்று கேட்கிறவரிடம் இரண்டு நாள் தவறினாலே ஒளிய ஆரம்பிப்போம். "இன்று என்ன வாசித்தாய்?" என்று கேட்பவர், தான் வாசித்ததையும் சொல்லுவார், ஒன்றும் வாசிக்காத நாளில் அதைக் கேட்டாவது ஒரு வசனம் காதில் விழும்.